தகரப் பெட்டிகளுக்குள் அழியும் மலையக வரலாறு

மலையகத் தமிழ் மக்களின் முன்னோர் இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டு இருநூறு வருடங்கள் பூர்த்தியானதை 2023 ஆம் ஆண்டில் நாம் நினைவுகூர்ந்தோம். அவ்வாண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், முன்னோர் நடந்த பாதையைப் பின்பற்றி ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. நவம்பரில் கொழும்பில் 'நாம் 200' என்ற பெயரில் அரச விழாவும் நடந்தேறியது. உரைகள் நிகழ்த்தப்பட்டன, மலர்கள் வெளியிடப்பட்டன, வாக்குறுதிகளும் வழங்கப்பட்டன. எனினும், அந்த இருநூறு வருடங்களுக்குச் சான்றாக எஞ்சியிருக்கும் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன, எவருடைய பொறுப்பில் இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்வி எந்த மேடையிலும் உரிய அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை.

ஆவணங்களைப் பேணுவது எல்லாச் சமூகங்களுக்கும் அவசியமானதே. ஆயினும் மலையக மக்களைப் பொறுத்தவரையில் அதற்குத் தனியான ஒரு முக்கியத்துவம் உண்டு. இம்மக்களின் வாழ்வு தொடக்கத்திலிருந்தே கடதாசித் துண்டுகளால் நிர்ணயிக்கப்பட்ட ஒன்றாகும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அக்கடனைப் புதிய தோட்டம் செலுத்தினால்தான் அவர் அங்கிருந்து விடுபட முடியும். கடனோடு சேர்த்து மனிதரையும் கைமாற்றிய இத்துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளியின் கையில், அவர் சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறிக்கப்பட்ட தகர வில்லை இருந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குக் கிடைத்தது 'பத்துச்சீட்டு'. எழுத வாசிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்களின் தலைவிதியை எழுத்துத்தான் தீர்மானித்தது.

இந்த முரண்பாட்டின் உச்சத்தை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்திலும், அடுத்த வருடம் நிறைவேற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்திலும் காணலாம். இரண்டாவது சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் இந்நாட்டில் தொடர்ச்சியாக வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. திருமணமானவர்களுக்கு ஏழு வருடங்கள், ஏனையோருக்குப் பத்து வருடங்கள் என்பது நிபந்தனையாகும். பிறப்புப் பதிவு கூட ஒழுங்காக இல்லாத லயன் காம்பிராக்களில் வாழ்ந்த மக்கள் எந்த அத்தாட்சியைக் காட்டுவது? தோட்டத்து செக்ரோலில் இருந்த பெயரும், பிறப்புப் பதிவில் இருந்த பெயரும், கணக்கப்பிள்ளையின் வாயில் வழங்கிய பெயரும் வெவ்வேறாக இருந்தால் அவர்களில் எவர் உண்மையானவர்? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறக்குறைய 1,34,000 பேருக்கு மட்டுமே.

எஞ்சியோரின் எதிர்காலம் 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்களாகப் பங்கிடப்பட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக் கொள்ளலாம் என்பது அன்றைய கணக்கு. அந்த மீதியும் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. நாடற்றவர் பிரச்சினைக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே சட்ட ரீதியான முடிவு கிட்டியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, 'உன்னிடம் என்ன கடதாசி இருக்கிறது?' என்ற ஒரே கேள்விக்கு முன்னால் ஒரு சமூகம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவ்வாறான சமூகத்தின் கடதாசிகள் இன்று எவருடைய அக்கறைக்கும் உரியனவாக இல்லை என்பது வேதனைக்குரியதாகும்.

பெருந்தோட்டத் துறையின் வரலாறு பேணப்படவே இல்லை என்று கூறிவிட முடியாது. தோட்டச் சொந்தக்காரர்களின் சங்கம் 1854 இலேயே அமைக்கப்பட்டுவிட்டது. அவர்களது கருத்தைச் சொல்லக் கொழும்பில் ஆங்கிலப் பத்திரிகைகள் இருந்தன. ஒவ்வொரு தோட்டத்தின் ஏக்கர் அளவையும் அதன் துரையின் பெயரையும் பெர்குசன் தொகுத்த விபரக்கொத்துகளில் இன்றும் காணலாம். லூல்கந்துரவில் 1867 இல் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி எழுத எழுத்தாளருக்குப் போதிய சான்றுகள் கிடைக்கின்றன. கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் 2001 இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில், கொழுந்தை அரைத்த இயந்திரங்கள் துடைத்துப் பளபளப்பாக வைக்கப்பட்டுள்ளன. கொழுந்தைப் பறித்தவர்களின் பெயர்களைத் தேடுவோருக்குத்தான் சிரமம்.

கடல் கடந்து சென்ற ஏனைய இந்திய வம்சாவளியினரோடு ஒப்பிட்டால் இக்குறை மேலும் தெளிவாகும். மொரிஷியஸ், பிஜி, கயானா, சூரிநாம், டிரினிடாட் ஆகிய நாடுகளுக்கு ஒப்பந்த முறையில் சென்றவர்களின் பெயர், தந்தையின் பெயர், ஊர் என்பன ஆளுக்கு ஆள் பதிவு செய்யப்பட்டன. பிஜி, கயானா, சூரிநாம், டிரினிடாட் ஆகியவற்றின் பதிவேடுகள் 2011 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றன. மொரிஷியஸின் பதிவேடுகள் 2015 இல் சேர்க்கப்பட்டன. அந்நாடுகளில் நான்காம் ஐந்தாம் தலைமுறைப் பேரர்கள் தமது பாட்டனாரின் ஊரைத் தேடிக் கண்டறிய முடிகிறது. இலங்கைக்கு ஆட்களைத் திரட்டியதோ கங்காணி முறை. கங்காணியின் பற்று வரவுக் கணக்கே தொழிலாளியின் பதிவேடு. ஆகவே அரச ஆவணங்களில் தனி மனிதர்களைத் தேடினால் பெரும்பாலும் தலை எண்ணிக்கைதான் கிடைக்கும். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை தோட்ட அலுவலகங்களிலும், தொழிற்சங்கக் காரியாலயங்களிலும், லயன் வீடுகளின் தகரப் பெட்டிகளிலும் கிடக்கின்ற தாள்களே.

அந்தத் தகரப் பெட்டிகளில் என்னதான் இருக்கின்றன? பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டுக்காக எடுத்த குடும்பப் படம், சங்கச் சந்தா அட்டை, சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதி அட்டை, மண்டபம் முகாமிலிருந்து உறவினர் எழுதிய கடிதம், கோயில் திருவிழா நோட்டீஸ், காமன் கூத்துக்கு அச்சடித்த பிரசுரம், கல்யாணப் பத்திரிகை, பிள்ளையின் பெயர் வந்த பத்திரிகை நறுக்கு. வீட்டுக்காரருக்கு இவை குடும்பச் சாமான்கள். வரலாற்றாளருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. ஒரு சந்தா அட்டை, அந்தத் தோட்டத்தில் எந்த வருடம் எந்தச் சங்கம் கால் பதித்தது என்பதைச் சொல்லும். ஒரு சம்பளத் துண்டு, எந்தப் பிடித்தங்களுக்குப் பின் எவ்வளவு கையில் கிடைத்தது என்பதைச் சொல்லும். எத்தனை ஆய்வுக் கட்டுரைகளாலும் ஈடு செய்ய முடியாத தகவல்கள் இவை.

பத்திரிகை நறுக்குகளின் பெறுமதியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 1920 களில் கோ. நடேசய்யர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தித் தோட்டத் தொழிலாளரின் அவலத்தை அச்சில் ஏற்றினார். 1930 இல் 'வீரகேசரி'யும் 1932 இல் 'தினகரன்' பத்திரிகையும் தோன்றின. வீரகேசரியின் தோட்டப் பகுதியை எஸ்.எம். கார்மேகம் பொறுப்பேற்று நடத்திய காலத்தில் மலைநாட்டு எழுத்தாளர்களுக்கான சிறுகதைப் போட்டிகள் நடைபெற்று, பரிசுக் கதைகள் 1971 இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வெளிவந்தன. நூலாக வந்தவை நிலைத்தன. அதே பக்கங்களில் வந்த ஏனைய கதைகள், வாசகர் கடிதங்கள், தோட்டச் செய்திகள் ஆகியவற்றை எவராவது வெட்டி ஒட்டி வைத்திருந்தால்தான் இலகுவில் கண்டெடுக்கலாம். பின்னர் வந்த 'குன்றின் குரல்', 'கொழுந்து', 'தீர்த்தக்கரை', 'நந்தலாலா' போன்ற சஞ்சிகைகளுக்கும் இதுவே பொருந்தும்.

'பத்திரிகைகளின் பிரதிகள்தான் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றனவே, நறுக்குகள் எதற்கு?' என்று சிலர் வினவலாம். வினா நியாயமானது. ஆனால் பல்லாயிரம் இதழ்களுக்குள் ஒரு தோட்டத்தின் செய்தியைத் தேடுவது எளிதான காரியமன்று. நறுக்கைச் சேர்த்தவர் அந்தத் தேடலை நமக்காக ஏற்கனவே செய்து முடித்துவிட்டார். தவிரவும், பிரதேசச் செய்திகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபடுவதுண்டு. சங்கங்களின் துண்டுப் பிரசுரங்களும் சிறு சஞ்சிகைகளும் முழுமையாகச் சுவடிக்கூடத்தைச் சென்றடைந்திருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

நறுக்குகள் கடந்த காலத்தை மட்டுமன்றி நிகழ்காலத்தையும் பேசவல்லவை. 1940 ஜனவரி 10 இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் சுவீகரிக்கப்படுவதை எதிர்த்துத் திரண்ட மக்களில் ஒருவரான சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விரு பெயர்களும் வருடந்தோறும் மேடைகளில் ஒலிக்கின்றன. ஆனால் அச்சம்பவங்களை அன்றன்று யார் எவ்வாறு எழுதினர், எந்தத் தலைவர் என்ன சொன்னார், எந்த அமைச்சர் என்ன பதிலளித்தார் என்பதை ஒரே இடத்தில் வைத்துப் படிக்க நமது மாணவருக்கு வழியில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015 இல் எழுந்து, 2021 இல் சம்பள நிர்ணய சபையின் ஊடாகவே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆறு வருடங்களில் வழங்கப்பட்ட வாக்குறுதிகளைத் திகதி வாரியாகக் கோத்து வைத்த ஒரு கோப்பு ஒவ்வொரு தோட்ட வாசிகசாலையிலும் இருந்திருந்தால், தேர்தல் மேடைகளில் பேசுவோர் சற்று நிதானித்தே பேசியிருப்பர்.

இத்துறையில் எதுவுமே நடக்கவில்லை என்று கூறுவது, உழைத்தவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். தலவாக்கலைப் பகுதியிலிருந்து 1947 இல் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டங்களில் வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்தார். தேயிலைத் தொழிற்சாலை அதிகாரியாகப் பணியாற்றிய சாரல் நாடன், நடேசய்யரைப் பற்றிய சான்றுகளைச் சேகரித்து நூலாக்கியிராவிடின், அந்த மாமனிதரை இன்றைய தலைமுறை ஒரு பெயராக மட்டுமே அறிந்திருக்கும். மு. நித்தியானந்தன் தமது 'கூலித்தமிழ்' நூலில், 1869 இல் வெளியான 'கோப்பிக் கிருஷிக் கும்மி' போன்ற மிகப் பழைய அச்சுப் பிரதிகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கண்டியில் 1972 இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்தியோதயம் நிலையம் பெருந்தோட்ட மக்கள் பற்றிய ஆய்வுகளை ஊக்குவித்தது. கம்பளையை அண்டிய பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளையே காட்சிக்கூடமாக்கி, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் நிறுவியது. 2005 இல் ஆரம்பமான நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையகம் சார்ந்த நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் இலவசமாக வாசிக்கலாம்.

இவை யாவும் தனி மனிதர்களினதும் தொண்டு நிறுவனங்களினதும் முயற்சிகளே. சேகரித்தவர் மறைந்தால் சேகரிப்பும் சிதறுவதே நமது வழமையான அனுபவம். தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் ஆகியன 1992 இல் அவர் மறைந்த பின்னரும் சிதறாமல் காப்பாற்றப்பட்டன. சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, தமிழகத்துக்கு வெளியே எடுத்துச் செல்லாமல் சென்னையிலேயே 1994 இல் ஆய்வு நூலகம் அமைக்கத் துணை நின்றதே அதற்குக் காரணம். ஒரு தனி மனிதரின் ஆர்வம் ஒரு நிறுவனத்தின் கைக்கு உரிய நேரத்தில் சென்று சேர்ந்தது. மலையகத்தில் அவ்வாறான கை இன்னும் நீளவில்லை.

காலம் நமக்குச் சாதகமாகவும் இல்லை. 1977, 1981, 1983 ஆகிய வருடங்களின் வன்செயல்களில் வீடுகளோடு சேர்ந்து எரிந்த கடதாசிகளுக்குக் கணக்கே கிடையாது. 1981 இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, நூல்களை ஒரே இடத்தில் வைத்திருப்பதன் ஆபத்தையும் தமிழ்ச் சமூகம் கண்டுகொண்டது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பரில் தித்வா புயலின்போது மலைநாடெங்கும் ஏற்பட்ட மண்சரிவுகள் அதே அச்சத்தை மீண்டும் எழுப்பின. உயிரிழப்பின் முன்னே கடதாசி பெரிதல்லத்தான். ஆயினும் உயிர் தப்பியவர் மறுநாள் நிவாரணத்துக்கும் காணிக்கும் வரிசையில் நிற்கும்போது அவரிடம் கேட்கப்படுவது கடதாசியே.

சட்ட ரீதியான காலக்கெடு ஒன்றும் நெருங்கிக் கொண்டிருக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபோது அரச நிறுவனங்களிடம் இருந்த பதிவேடுகளைக் குறைந்தது பத்து வருடங்களுக்குப் பேண வேண்டும் என்கிறது. சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அந்தப் பத்து வருடம் 2027 பெப்ரவரியில் முடிவடைகிறது. தேசிய சுவடிகள் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கவே செய்கின்றது. எனினும் எது வரலாற்றுப் பெறுமதி உடையது என்பதை எவராவது எடுத்துச் சொன்னால்தான் அப்பாதுகாப்பு செயற்படும். ஜனவசம எனப்படும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், பிரஜாவுரிமை விண்ணப்பங்களைக் கையாண்ட திணைக்களங்கள் ஆகியவற்றின் பழைய கோப்புகளை அழிப்பதற்கு முன்னர் மதிப்பீடு செய்ய வேண்டும் என மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே கோர வேண்டும்.

தோட்டக் கம்பனிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. காணிகள் 53 வருடக் குத்தகைக்கு வழங்கப்பட்டன. அலுவலக அலமாரிகளில் இருந்த செக்ரோல் புத்தகங்களும், பிறப்பு இறப்புக் குறிப்புகளும், பிள்ளை மடுவப் பதிவுகளும், தோட்ட வரைபடங்களும் அந்தக் காணியோடு கைமாறிய பொதுச் சொத்தாகவே கருதப்பட வேண்டியவை. இடமில்லை என்பதற்காக அவற்றைப் பழைய கடதாசி விலைக்குப் போடுவதையோ எரிப்பதையோ அனுமதிக்கலாகாது. சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் பெறுவதற்குப் பெயர் வித்தியாசத்தால் அலைக்கழியும் முதிய தொழிலாளிக்கு அந்தப் பழைய புத்தகத்தின் ஒரு வரியே கடைசி ஆதாரமாக அமையலாம்.

தொழிற்சங்கங்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ், தொழிலாளர் தேசிய சங்கம் முதலியவற்றின் பழைய கூட்டக் குறிப்புகளும் முறைப்பாட்டுக் கடிதங்களும் எந்தத் தலைவரதும் குடும்பச் சொத்தல்ல. மாதந்தோறும் சந்தா கொடுத்த தொழிலாளரின் உடைமை அவை. சங்கங்களுக்கிடையிலான போட்டி, ஒருவரது வரலாற்றை மற்றவர் மறைக்கும் அளவுக்குச் சென்றுவிடக் கூடாது. பொதுக் காப்பகத்தில் எல்லாச் சங்கங்களின் கோப்புகளும் அருகருகே இருக்கும் நிலைதான் ஆரோக்கியமானது.

அத்தகைய காப்பகம் மலையகத்திலேயே அமைய வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. நுவரெலியாவுக்கு இது புதிய விடயமுமன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை அரசின் சுவடிக்கூடமே நுவரெலியாவில் இயங்கிவந்தது. ஒல்லாந்தர் கால ஆவணங்களைப் படிக்க ஆய்வாளர்கள் அங்கேதான் மலையேறி வந்தனர். கொம்பனிக்காரர்களின் ஏடுகளுக்கு இடமளித்த மலைநகரம், தன்னைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் ஏடுகளுக்கு இடமளிக்க முடியாதா? நுவரெலியாவிலோ ஹட்டனிலோ தேசிய சுவடிகள் திணைக்களத்தின் கிளையொன்றை, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் துறைசார் ஆலோசனையுடன் அமைப்பது அரசின் சக்திக்கு அப்பாற்பட்ட காரியமல்ல. கம்பளைக் காப்பகம், நூலகம் எண்ணிம நூலகம் போன்றவற்றின் அனுபவமும் அதற்குக் கைகொடுக்கும். ஒப்பந்தத்தின் கீழ் தமிழகம் சென்று நீலகிரியிலும் கூடலூரிலும் குடியேறியோரின் வீடுகளில் இருக்கும் ஆவணங்களின் பிரதிகளையும் பெற்றால்தான் குடும்பங்களைப் போலவே கடலின் இரு கரைகளிலும் பிரிந்து கிடக்கும் இவ்வரலாறு முழுமை பெறும்.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள் ஆளுக்கொரு தோட்டத்தை எடுத்துக்கொண்டால், சில வருடங்களில் ஒரு மாவட்டத்துக்கே ஆவணப் பட்டியல் தயாராகிவிடும். பாடசாலைகள் மாணவரை வீட்டுக்கு ஓர் ஆவணம் அறிந்துவரச் செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சில ஒழுங்குகள் மட்டுமே தேவை. நறுக்கின் ஓரத்தில் அல்லது அதனுடன் இணைத்த தாளில் பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம் ஆகியவற்றைப் பென்சிலால் குறிக்க வேண்டும். திகதியற்ற நறுக்கு பாதிப் பயனை இழந்துவிடுகிறது. பசை நாடாவும் துருப்பிடிக்கும் குண்டூசியும் தாளைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறை பூசி அழுத்தினால் பின்னர் பிரிக்கவே முடியாது. மலைநாட்டின் ஈரமும் அடுப்புப் புகையும் படாத, நிலத்திலிருந்து உயர்ந்த இடத்தில் தட்டையாக வைப்பதே நல்லது. கைத்தொலைபேசியில் படமெடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமிக்கலாம். ஆனால் படம் எடுத்தாயிற்று என்று மூலத்தை வீசிவிடலாகாது.

சேகரிப்போர் மனதிற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இம்மக்களிடமிருந்து பலரும் பலவற்றைப் பெற்றுச் சென்றுள்ளனர். திருப்பிக் கொடுத்தோர் சிலரே. எனவே மூலப்பிரதி உரியவரிடமே இருக்க, பிரதி மட்டும் காப்பகத்துக்கு வருவது விதியாக வேண்டும். கடன், நோய், குடும்பப் பிணக்கு போன்ற அந்தரங்கங்களைக் கொண்ட தாள்களைக் குடும்பத்தாரின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. ஆவணத்தைக் காட்டும் முதியவரின் பேச்சையும் அதே வேளையில் பதிவு செய்துகொண்டால், தாளில் இல்லாத பாதி வரலாறும் கிடைத்துவிடும். 1948 ஐயும் 1964 ஐயும் நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர் என்பதால் இதில் தாமதத்துக்கு இடமில்லை.

மலையக மக்களுக்குக் காணியும் வீடும் நியாயமான சம்பளமும் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கைகளுக்கு முன்னே ஆவணக் காப்பகம் ஓர் ஆடம்பரக் கோரிக்கையாகச் சிலருக்குத் தோன்றலாம். அந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றையும் நிலைநாட்டத் தேவைப்படுவது ஆதாரமே என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. எத்தனை தலைமுறையாக இந்த லயத்தில் இருக்கிறோம், எத்தனை வருடம் இந்த மலையில் கொழுந்து பறித்தோம், எவர் எதனைத் தருவதாகச் சொன்னார் என்பவற்றை எழுத்தில் காட்ட முடியாத சமூகம் மீண்டும் மீண்டும் பிறரின் தயவை நாடியே நிற்க நேரிடும். அத்தாட்சி இல்லை என்று சொல்லி ஒரு முறை நாடற்றவராக்கப்பட்ட மக்கள், கையிலுள்ள அத்தாட்சிகளைத் தாமே இழந்துவிடாதிருக்க அரசும், சங்கங்களும், கம்பனிகளும், கற்றோரும் இனியேனும் முன்வர வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.